குப்பம்மாவுக்கு வைத்த பூ

கோட்டைக்குப்பத்துக் கோவிந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. மீன் கூடையோடு தெருவுக்குப் போனால், "நேத்து மீனும்மா, பாத்து வாங்குங்க" என்று தானே சொல்லிவிட்டு, பாதிக் கூடையோடு திரும்பி வருவாள். அவள் புருஷன் துளசிங்கம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பான். அந்தத் துளசிங்கம் ஓர் ஐப்பசிக் காற்றில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், கட்டுமரம் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அப்போது அவளுக்கு எட்டு மாதம்.

பிறந்தது பெண். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்ததால், இதைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். மூன்று மாதம் கழிந்தது. வீட்டில் வலை பிடிக்க ஆள் இல்லை. நாத்தனார் ருக்கு கருவாடு காயவைத்துக் கொண்டுவருவதில்தான் இரண்டு பெண்களும் கஞ்சி குடித்தார்கள்.

அந்த நாளில் குப்பத்தை ஒட்டிய பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்கள் கோட்டை கட்டி இருந்தார்கள். கோட்டைக்கு வெளியே அவர்களுடைய கிடங்கு அதிகாரி ஒருவர் வீடு. அவர் மனைவி கத்தரீனா ஒல்லாந்துத் தகப்பனுக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பழவேற்காட்டிலேயே பிறந்தவள்; பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சுதான். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து, ஜுரம் கண்டு, பால் வற்றிவிட்டது. பால் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று அந்த வீட்டுச் சமையற்காரி மீன் வாங்க வந்த இடத்தில் சொன்னாள்.

"ஆனா ஒண்ணு, கைப்புள்ள இருக்கறவள வெச்சிக்க மாட்டாங்க. முன்ன வந்தவள மூணாம் நாளே அனுப்பிச்சிட்டாங்க. பாலு பங்கு போவக்கூடாதாம்."

கோவிந்தம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பிள்ளையை ருக்குவிடம் விட்டுவிட்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உன் பிள்ளை எங்கே?" என்று கத்தரீனா கேட்டாள்.

"செத்துப்போச்சும்மா."

"எப்போ?"

"போன வாரம். காய்ச்சல் கண்டு."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே கூப்பிடுவார்கள் என்றுதான் கோவிந்தம்மா நினைத்திருந்தாள். கத்தரீனாவோ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோவிந்தம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்தில் அவள் இரண்டு பெண் குழந்தைகளைப் புதைத்திருந்தாள்.

"பேரு என்ன வெச்சிருந்தே?"

"குப்பம்மா" என்று வாயில் வந்துவிட்டது. வேறு ஏதாவது பேரைச் சொல்லியிருக்கலாம் என்று அன்று மாலைவரை கோவிந்தம்மாவின் உடம்பு கூசிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஜெபம் முடிந்ததும் கத்தரீனா கல்லறைக்குப் போவாள். குழந்தை யோவானைத் தூக்கிக்கொண்டு கோவிந்தம்மாவும் கூடப் போக வேண்டும். எலும்புக்கூடு செதுக்கிய வாசலைத் தாண்டி உள்ளே போனால், இரண்டு சின்னக் கற்கள். கத்தரீனா ஆளுக்கு ஒரு கைப்பிடி பூ வைத்தாள். பிறகு மூன்றாவதாக ஒரு பிடி எடுத்து, அந்த இரண்டு கற்களுக்கும் நடுவில் வெறும் மண்ணில் வைத்து, "இது குப்பம்மாவுக்கு" என்றாள்.

கோவிந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் துக்கத்தில் நிற்பதாக நினைத்துக் கத்தரீனா அவள் தோளைத் தொட்டாள். அந்தக் கை கோவிந்தம்மாவுக்குச் சுட்டது.

அந்தக் குப்பம்மாவோ அன்றாடம் மத்தியானம் ஏரிக்கரைக்கு வந்துகொண்டிருந்தாள். யோவானின் துணிகளை அலசக் கோவிந்தம்மா கரைக்குப் போகும் நேரம் பார்த்து, கருவாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ருக்கு பிள்ளையோடு காத்திருப்பாள். நாளுக்கு ஒரு தடவை பால். மற்ற நேரம் நீர்த்த கஞ்சியும், கிடைத்தால் ஆட்டுப் பாலும்.

"குடிடி குப்பம்மா, செத்தவ மாதிரியா குடிக்கிற நீ?" என்று ருக்கு ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னாள். கோவிந்தம்மா அவளை முறைத்த முறைப்பில், அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பங்குனி மாதத்தில் யோவானின் வாய்க்குள் வெள்ளை படிந்தது. முதலில் பால் ஆடை என்று நினைத்தார்கள். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியது போல ஒட்டிக்கொண்டு, துடைத்தால் வரவில்லை. பிள்ளை மாரில் வாயை வைக்கும், வீரிட்டு அழுதுகொண்டு விட்டுவிடும். கோவிந்தம்மாவின் மார்க்காம்புகள் இரண்டும் சிவந்து, மினுமினுத்து, வெடித்திருந்தன. பால் கொடுக்கும்போது நெருப்பு வைத்தது போல எரியும். கொடுத்து முடித்த பிறகும் உள்ளே முள்ளாகக் குத்தும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன சொல்லுக்கு இது கூலி என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோட்டை வைத்தியர் படைக்காரர்களின் காயத்துக்குத்தான். குழந்தைக்கு ஒன்று என்றால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் போவது ஜைனம்புவிடம். கப்பல் வியாபாரக் குடும்பம் அவளுடையது. மேற்கேயிருந்து வரும் மருந்துச் சரக்கெல்லாம் அவள் வீட்டில் இருக்கும். கத்தரீனா ஆள் அனுப்பினாள். ஜைனம்பு வந்து, யோவானை வெளிச்சத்தில் பிடித்து, விரலில் துணி சுற்றி வாய்க்குள் விட்டுப் பார்த்தாள்.

"பாலுன்னா துடைச்சா வந்துடணும். இது வரல பாரு. அடியில செவந்துகினு கெடக்குது. அக்கரம்." பிறகு கோவிந்தம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ அவுரு அந்தக் குப்பாயத்த."

குப்பத்தில் மார்புக்குச் சேலைத் தலைப்பு மட்டும்தான். இந்த வீட்டிலோ இறுகத் தைத்த குப்பாயம் ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஜைனம்பு பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள்.

"இங்கயும் இருக்குது. எத்தன வாய் குடிக்குது இதுல?"

கோவிந்தம்மா வாயைத் திறப்பதற்குள் கத்தரீனா சொன்னாள்: "ஒரு வாய்தான் பீவி. பாவம், அவ தன் பிள்ளைய மண்ணுல வெச்சிட்டு வந்தவ."

"அப்டியா" என்றாள் ஜைனம்பு.

பிறகு வரிசையாக உத்தரவு போட்டாள். பிள்ளை அழுதால் வாயில் வைக்கும் பனைவெல்லத் துணிமுடிச்சை முதலில் தூக்கி எறிய வேண்டும். இனிப்பைக் கண்டால் இந்த வெள்ளை கொண்டாட்டமாக வளரும். வேப்பிலை கொதித்த தண்ணீரை ஆறவைத்து, பால் கொடுத்து முடிந்ததும் மாரைக் கழுவி, ஈரம் போக உலரவிட வேண்டும். துணிகளைக் கொதிக்கவைத்து உச்சி வெயிலில் போட வேண்டும். மாசிக்காயை வேகவைத்துக் கல்லில் உரைத்து, பிள்ளையின் நாக்கிலும் கன்னத்திலும் மெல்லிசாகத் தடவ வேண்டும்.

"குப்பாயத்தப் போடக்கூடாது. பாலு ஈரம், வேர்வ ஈரம், அதும்மேல இறுக்கிப் பூட்டி வெச்சா? ஏரில கெடக்கற கட்டைக்குப் பாசி புடிக்காம இன்னா பண்ணும்?"

"எங்க வீட்டுக்காரர் பாத்தா என்ன சொல்வாரோ" என்றாள் கத்தரீனா.

"கண்ண மூடிக்கச் சொல்லு. புள்ள வாய் பெருசா, அவரு கண்ணு பெருசா?"

சொன்னபடியெல்லாம் செய்தார்கள். ஆறே நாளில் யோவானின் நாக்கு சிவப்பாகச் சுத்தமானது. ஒன்பதாம் நாள் மறுபடியும் வெள்ளை. மறுபடியும் மாசிக்காய், மறுபடியும் சுத்தம், மறுபடியும் வெள்ளை. ஏரிக்கரையில் ஒரு மத்தியானம் குப்பம்மா கொட்டாவி விட்டபோது, அவள் வாய்க்குள்ளும் அதே தயிர்ப்படலத்தைக் கோவிந்தம்மா பார்த்தாள்.

இரண்டாம் தடவை வந்த ஜைனம்பு, கத்தரீனாவின் எதிரில் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது பின்வாசலில் கோவிந்தம்மாவை நிறுத்தினாள்.

"நாப்பது வருசமா புள்ளைங்க வாயத்தான் பாத்துகினு இருக்கேன். ஒரு வாய்னா இது இப்டி போய்ட்டுப் போய்ட்டு வராது. யாரு அந்த இன்னொரு வாய்?"

கோவிந்தம்மாவுக்குக் கண் நிறைந்தது.

"உம் புள்ளயா?"

தலை அசைந்தது.

"அல்லாவே" என்று ஜைனம்பு சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது அதுக்குக் குடுக்குது, அது இதுக்குக் குடுக்குது, நடுவுல நீ. ரெண்டு வாயையும் ஒரே எடத்துல வெச்சி, ஒரே நாள்ல ஆரம்பிச்சி, ஒவ்வொரு தடவ பாலு குடுத்ததும் சுத்தம் பண்ணணும். இல்லன்னா ஒரு வாய நிறுத்தணும். மூணாவது வழி எனக்குத் தெரியாது."

"அவங்ககிட்ட சொல்லிடுவீங்களா பீவிம்மா?"

"நான் ஏன் சொல்றேன்? சாவடிச்சது உன் வாய்."

ஒரு வாயை நிறுத்த வேண்டும். எந்த வாய் என்று யோசிக்கக்கூட இடமில்லை. ஒன்று சோறு போடும் வாய். கோவிந்தம்மா ஒரு துண்டு மாசிக்காயை முந்தானையில் முடிந்துகொண்டு போய் ருக்குவிடம் கொடுத்தாள்.

"இத உரைச்சித் தடவு. இனிமே புள்ளயக் கொண்டாராத. நான் சொல்றப்ப கொண்டா."

ருக்கு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நெசமாவே சாவடிக்கப் போறியா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

அப்புறம் பன்னிரண்டு நாள். யோவானுக்கு வாய் சுத்தமாக ஆறிவிட்டது. கோவிந்தம்மாவின் மாரிலும் எரிச்சல் அடங்கியது. உடம்பு தேறத் தேற அவளுக்கு அவமானம் கூடியது. யோவான் வயிறு நிறையக் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தால், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். துணி அலசப் போனால் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் அலசிவிட்டு வருவாள்.

பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, ருக்கு தனியாகக் கரைக்கு வந்தாள்.

"அது அழுவறதையே விட்டுடுச்சி அண்ணி."

"கஞ்சி?"

"வாயில ஊத்தினா வழியுது. உள்ள முழுக்க வெள்ள. நான் நாள் முழுக்கக் கருவாட்டுல நிக்கிறேன், எத்தன வாட்டி உரைச்சித் தடவறது? வெல்லத் துணி வெச்சாத்தான் கொஞ்சம் சப்புது." ருக்கு மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேடிக்கைப் பேச்செல்லாம் போயிருந்தது.

மறுநாள் ஞாயிறு. கத்தரீனா முதல் கல்லில் பூ வைத்தாள். இரண்டாவது கல்லில் வைத்தாள். மூன்றாவது பிடியை எடுத்துக் குனிந்தபோது, கோவிந்தம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். வேலைக்காரி வீட்டு அம்மாவின் கையைப் பிடிப்பது அந்த ஊரில் நடக்கிற காரியமில்லை.

"அதுக்கு வெக்காதீங்கம்மா. அது உசிரோட இருக்குது."

கத்தரீனாவுக்குப் புரியவில்லை. கோவிந்தம்மா யோவானை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல் பொய். மண்ணில் வைத்தது பொய். அக்கரம் போய்ப் போய் வந்தது ஏன், இப்போது வராமல் நின்றது ஏன் என்றெல்லாம் சொன்னாள். பேர் மட்டும் மெய் என்றும் சொன்னாள்.

கத்தரீனா கையிலிருந்த பூவைப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல அதைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு யோவானைக் கோவிந்தம்மாவின் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் ஆறு ஞாயிறா உன் பிள்ளைக்காக அழுதிருக்கேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தே."

"ஆமாம்மா."

வேறு யாராவது இருந்தால் அடித்திருப்பார்கள்; அடித்தால் தேவலாம் என்றிருந்தது கோவிந்தம்மாவுக்கு. கத்தரீனா வாசல்வரை நடந்துபோய், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "போய்க் கொண்டா. வெயில் ஏறுறதுக்குள்ள."

கோவிந்தம்மா பட்டப்பகலில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்தாள். செத்த பிள்ளை வருகிறது என்று அதற்குள் சமையற்காரி நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். யார் முகத்தையும் கோவிந்தம்மா பார்க்கவில்லை. கத்தரீனா ஆள் அனுப்பியிருந்ததால், ஜைனம்பு முன்பே வந்து கல்லும் மாசிக்காயுமாகப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் போட்டார்கள். ஆறிய வாய்க்கும் ஆறாத வாய்க்கும் ஒன்று போலவே மருந்து. ஒவ்வொரு தடவையும் மாரைக் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் அடுத்த வாய். குப்பம்மாவுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. முதல் இரண்டு நாள் பாலைக் கறந்து சங்கில் புகட்டினார்கள். கோவிந்தம்மா புகட்டியதில் பால் வழிந்தபோது, கத்தரீனாவே சங்கை வாங்கிப் புகட்டினாள். மூன்றாம் நாள் காலையில் குப்பம்மா மாரைப் பிடித்து இழுத்துக் குடித்தாள். குடித்த வேகத்தில் புரை ஏறி, தும்மி, வீட்டையே கூட்டும்படி அழுதாள். "அழுவட்டும், அழுவட்டும்" என்றாள் ஜைனம்பு.

பத்தாம் நாள் இரண்டு வாயும் சுத்தமாகிவிட்டது. கத்தரீனா கோவிந்தம்மாவைப் போகச் சொல்லவில்லை. யோவான் பால் மறக்கும்வரை இரண்டு பிள்ளைகளும் அந்தப் பின்கட்டிலேயே வளர்ந்தார்கள். ஆனால் அதற்கப்புறம் கல்லறைக்குப் போகும்போது கத்தரீனா அவளைக் கூப்பிடவில்லை. முன்னே போல உட்கார்த்தி வைத்துப் பேசவும் இல்லை. வேலை சொல்வாள், வேலை முடிந்ததா என்று கேட்பாள். கோவிந்தம்மா அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

குப்பம்மா வளர்ந்து, கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோதுதான், ருக்கு இறால் உரித்துக்கொண்டே பழைய கதையை எடுத்துவிட்டாள். குப்பம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னிய சாவடிச்சிட்டியாம்மா? எனக்குப் பூ வேற வெச்சாங்களா?"

ருக்குவும் சேர்ந்து சிரித்தாள். கோவிந்தம்மா மட்டும் தலையைத் தூக்காமல் இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். குப்பம்மா குனிந்து, தாயின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இன்னாம்மா, இன்னுமா கூசுது?" என்று கேட்டாள்.

கோவிந்தம்மா உரித்த இறாலையெல்லாம் மகள் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.