எனெய்தா போட்ட பிரேக்

சந்தியாகோ தெ கியூபாவில் பாதித் தெருக்கள் துறைமுகத்தை நோக்கிச் சரிந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிரேக் வேலை தெரிந்தவளுக்கு ஓய்வு ஏது? ஐம்பத்தெட்டு வயது எனெய்தா பத்லே அதற்காக அலுத்துக்கொண்டதில்லை. காலையில் ஒரு கோப்பை காப்பி, உள்ளே நுழைய ஒரு காரின் வயிறு. இரண்டும் கிடைத்துவிட்டால் அவளுக்கு நல்ல நாள்தான்.

பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருஷம் பிரேக் கழற்றி மாட்டினாள். அவளிடம் கற்றுக்கொண்ட மூன்று ஆண்கள் மெக்கானிக் சான்றிதழ் வாங்கினார்கள். அவள் மட்டும் கடைசி வரை பதிவேட்டில் 'உதவியாளர்'. ஒருமுறை பிரேக் விட்டுப்போன பேருந்து ஒன்று சுவரில் உரசி நின்றது. யாருக்கும் அடியில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோரும் கைகூப்பினார்கள். எனெய்தா மட்டும் அடியில் படுத்து, வெடித்த ரப்பர் குழாயைக் கையில் எடுத்து வந்தாள். "இதை ரெண்டு மாசமா மாத்தச் சொல்லிக் கேட்டேன். காப்பாத்தினது அவர்னா, இதை மாத்தாம விட்டது யாரு?"

போன மாதம் ஆர்செனியோவின் காருக்கும் அதே கதி. ஐம்பத்திரண்டாம் வருஷத்து செவ்ரோலே; ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கும் துறைமுகத்துக்கும் ஓடுகிற வாடகை வண்டி. ஒரு சக்கரத்தின் குழாய் வெடித்ததும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விட்டது. மருந்துக்கடைச் சுவரில் தேய்த்துத்தான் நிறுத்தினான். சோதனையில் தேறும்வரை வண்டி ஓடக்கூடாது என்று உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

எனெய்தா அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னாள். "பெடலை மிதிச்சா ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளுறது மாஸ்டர் சிலிண்டர். பழசுல ஒரே அறைதான். எங்க ஒழுகினாலும் மொத்த ஆயிலும் போயிடும். உடைச்சுப் போட்ட லாடா கார் ஒண்ணுல இருந்து ரெண்டு அறை சிலிண்டர் எடுத்து வச்சிருக்கேன். முன் சக்கரத்துக்கு ஒண்ணு, பின் சக்கரத்துக்கு ஒண்ணு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும்."

"காப்பாத்த கன்னி மாதா படம் வண்டி முன்னாடி இருக்கே அக்கா?"

"மோதினா மொத அடி அந்தம்மாவுக்குத்தான்டா. அவங்களுக்காகவாவது மாத்திக்க."

நாலு நாள் ஆனது. ஓட்டுநரின் காலடியில், வண்டித் தரைக்குக் கீழே, பழைய சிலிண்டர் இருந்த இடத்திலேயே புதியதைப் பொருத்த இரும்புத் தகடு வெட்டினாள். பெடலிலிருந்து சிலிண்டரை அழுத்தும் தள்ளுகோலை அளந்து குறைத்தாள். குழாய்களை இரண்டாகப் பிரித்தாள். ஆர்செனியோ பெடலை மிதிக்க, சக்கரம் சக்கரமாக, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சோதனை. அதிகாரி ஓஸ்வானி காலடிப் பாயையும் அதன் அடியிலிருந்த மூடியையும் தூக்கிப் பார்த்தார்.

"இது இந்த வண்டியோடது இல்லையே. யார் மாட்டினது?"

"நான்தான் தோழரே."

அவர் ஆர்செனியோவைப் பார்த்தே பேசினார். "சான்றிதழ் இருக்கிற மெக்கானிக் யாராவது பாத்தாங்களா? இல்லையா? அப்ப பழசையே மாட்டிட்டு வா. இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

எனெய்தாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆறு பேரைச் சாகடிக்கப் பார்த்த சிலிண்டருக்குக் கையெழுத்து உண்டு. காப்பாற்றப்போகிற சிலிண்டருக்குக் கிடையாது!

ஸ்பேனரோடு குனிந்து, முன் சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்துவிட்டாள். காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், சோதனைச் சரிவின் அடியில், வண்டி வரும் பாதையிலேயே போட்டு உட்கார்ந்தாள்.

"முன் பிரேக்கை நானே செத்துப்போக வச்சிருக்கேன். மேலேருந்து ஓட்டிட்டு வா ஆர்செனியோ. தோழரே, நீங்களும் அவன் பக்கத்துல ஏறுங்க."

"அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? எந்திரி!"

"பெடல் பாதி வரைக்கும் தொபுக்குனு இறங்கும். பயந்து காலை எடுத்துடாதே. அதுக்குக் கீழதான் பிடிக்கும்."

"பிடிக்கலன்னா?"

"நாலு நாள் எதுக்குடா கீழே படுத்துக் கிடந்தேன்? வா!"

ஏறாமல் இருந்தால் காவலாளி சிரிப்பான் என்று அதிகாரிக்குத் தெரியும். ஏறினார்.

வண்டி சரிவில் இறங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஆர்செனியோவின் வாய் திறந்தது. பெடல் பாதிக்கு இறங்கிவிட்டது என்று எனெய்தா புரிந்துகொண்டாள். முன் சக்கரத்திலிருந்து ஆயில் பீச்சியடித்தது. நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை இறுக்கினாள், எழவில்லை. பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. அவள் முழங்காலுக்கு மூன்று முழம் தள்ளி செவ்ரோலே நின்றது.

ஓஸ்வானி இறங்கி, வலது காலை உதறிக்கொண்டார். இல்லாத பெடலை அத்தனை நேரம் மிதித்திருக்கிறார்.

"பழசா இருந்தா இந்நேரம் என்னை நாற்காலியோட சேர்த்துல்ல அள்ளணும்?" என்றாள் எனெய்தா.

அவர் குனிந்து, சரிவில் ஆயில் ஒழுகியிருந்த தடத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்தார். "மெக்கானிக் பேர்?" இந்த முறை அவளைப் பார்த்துக் கேட்டார்.

"எனெய்தா பத்லே. உதவியாளர்னு போட்டுடாதீங்க."

நிப்பிளை மூடி, ஆயில் ஊற்றி, மறுபடி ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். யார் வண்டியில் போனாலும் ஓட்டுகிறவனின் பிரேக் மிதிக்கும் காலையே பார்த்துக்கொண்டு வருவது எனெய்தாவின் பழக்கம். அன்று துறைமுகச் சரிவில் இறங்கும்போது செருப்பைக் கழற்றி, காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள்.

"காப்பிக்கு எங்க நிறுத்தட்டும் அக்கா?"

"எங்க வேணா நிறுத்து. நிக்கும்."