கல்லில் அக்காவின் பெயர்

தேவாலயத்தில் அத்தானின் ஆண்டுப் பூசை முடிந்த ஞாயிறன்று, பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள தன் வீட்டுக்கு மச்சாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மச்சாள், செத்துப்போன அத்தானின் மூத்த சகோதரி. அக்கா விதவையானதிலிருந்து அந்த வீட்டு மேல்மாடியில்தான் இருந்தாள். அக்காவை மறுமணம் செய்ய இருந்தவரையும் மச்சாளே கூப்பிட்டிருந்தது எங்களுக்கு ஆச்சரியம். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும், அதிகம் பேசாத மனிதர். புதுச் சேட்டுப் போட்டு வந்திருந்தார்.

"இப்ப என்ன வாசிக்கிறீர்?" என்று மச்சாள் என்னைக் கேட்டார்.

"ஆதி மோர்மன்கள் எண்ட கிறிஸ்தவச் சபையைப் பற்றி."

"கன பெண்டாட்டிக்காரரோ?"

அது பாதிக் கதைதான் என்றேன். பலதார மணம் பற்றிய அவர்களுடைய தெய்வ வெளிப்பாடு 1843இல் எழுதப்பட்டு 1852இல்தான் பகிரங்கமானது. சாவுக்குப் பிறகும் தொடரும் திருமணமும் அதே எழுத்தில்தான் வருகிறது. அதை முத்திரையிடுதல் என்பார்கள். கைம்பெண் முதற் கணவனுக்கு முத்திரையிடப்பட்டிருந்தால் நித்தியத்துக்கும் அவனுடையவள். அடுத்துக் கட்டுகிறவனுக்கு இந்த ஆயுள் மட்டும்.

"நல்ல சட்டம்," என்றார் மச்சாள்.

"எங்கட வேதத்தில அப்பிடி இல்லை," என்றாள் அக்கா. "உயிர்த்தெழும்பினாப் பிறகு கலியாணமே இல்லையாம்."

"வேதத்தில இல்லை. கல்லில இருக்கு."

மச்சாள் தன் போனை மேசை நடுவே வைத்தார். திரையில் அத்தானுக்குப் புதிதாக நாட்டிய கல்லறைக் கல். அவர் பெயர், பிறப்பு, இறப்பு. அதன் கீழே அக்காவின் பெயர், அவள் பிறந்த தேதி, ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறுமை.

"என்னைக் கேட்டனீங்களோ?" என்றாள் அக்கா.

"என்னத்துக்கு? தாலி கட்டேக்க ஓம் எண்டனீர்தானே." பிறகு அக்காவைக் கட்ட இருந்தவர் பக்கம் திரும்பினார். "நீர் பயப்பிடாதையும். சாகுமட்டும் உம்மோடதான் இருப்பா. பேந்து எங்களிட்டத் தந்திட வேணும்."

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"அந்தப் பேரை அழிக்கச் சொல்லும்," என்றார் அக்காவிடம்.

"ஓம், சொல்லும்," என்றார் மச்சாள். "என்ர தம்பி தனியக் கிடக்கட்டும் எண்டு உம்மட வாயால சொல்லும். நாளைக்கே அழிப்பிக்கிறன்."

அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். திருப்பிக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். அவள் சொல்வாள் என்று அந்த மனிதர் காத்திருந்தார். பிறகு கை கழுவிவிட்டுச் சப்பாத்தைப் போட்டார். நான் வாசற்படி வரை போனேன்.

"உயிரோட இருக்கிறவன் எண்டாப் போட்டி போடலாம், தம்பி," என்றார். மெட்ரோப் பக்கம் நடந்து போனார். அதன்பிறகு அவர் அக்காவுக்கு அழைக்கவேயில்லை.

நான் உள்ளே வந்தபோது, மச்சாள் அக்காவின் சாப்பாட்டுக் கோப்பையில் இறைச்சிக் கறி போட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடும், ஆறப்போகுது. அந்தாளுக்கும் கொஞ்சம் கட்டிக் குடுத்திருக்கலாம், பாவம்."

அக்கா சாப்பிட்டாள்.