மான் பார்க்கத்தான் கோடியக்கரை

எங்கள் தொழிலில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. வெல்டிங் பட்டறை வைத்து இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான், மாதத்தில் அமாவாசை ஒரு நாள்தான் பட்டறை மூடும் என்று. கொத்தனாருக்கும் அன்றைக்குத்தான் லீவு, ஆசாரிக்கும் அன்றைக்குத்தான். எங்கேயாவது போவதென்றால் அமாவாசையன்று போனால்தான் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

கோடியக்கரை ஆசை என் மனைவியுடையது. போனில் ஒரு வீடியோ பார்த்தாள். காடு, காட்டுக்குள் மான், மானுக்குப் பின்னால் கடல். அதையே நாலு முறை போட்டுப் பார்த்தாள்.

"காடு பாக்கணும்னா வெள்ளிமலைக்குப் போவலாம். இங்க பஸ் ஏறுனா கல்வராயன் மலை. அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றேன்.

"அங்க கடலு இருக்குதா?" என்றாள்.

இல்லைதான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய். நிறையக் கேட்டிருக்கிறாள், நான்தான் ஒன்றும் செய்யவில்லை. இந்த முறை சரி என்றேன்.

விசாரிக்க ஆரம்பித்த நாளிலிருந்து குழப்பம். வீடியோவில் தேசியப் பூங்கா என்றார்கள். கேட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு வாத்தியார், அது பூங்கா இல்லை, சரணாலயம் என்று திருத்தினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். அவருக்கும் தெரியவில்லை. விடியற்காலையில் போனால்தான் மான் தெரியும் என்றான் ஒருவன். சாயங்காலம்தான் என்றான் இன்னொருவன். தை மாதம் போனால் பறவைகளும் நிறைய இருக்கும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். தையில் எனக்கு லீவு தை அமாவாசை. அன்றைக்கே கிளம்புவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் அண்ணன் தியாகதுருகத்தில் இருக்கிறார். அவரிடம் ஒரு கார் உண்டு. போன் போட்டேன்.

"தை அமாவாசைக்கு கோடியக்கரை போவலாம்னு இருக்கோம் பெரிப்பா. காரு குடுப்பீங்களா?"

அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"இப்பனாச்சும் உனுக்கு மனசு வந்துச்சேடா. காரு இன்னா பெரிய காரு, நானும் வரேன்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஜனங்களுக்குக் கோடியக்கரை என்றால் மான் ஞாபகம் வராது. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகி, செத்துப்போனவர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கிற இடம் அது.

என் அப்பா செத்துப்போனாரா என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு தை மாதம் உளுந்தூர்பேட்டைக்குப் போய்வருகிறேன் என்று பஸ் ஏறினார். அங்கே ஒரு டீக்கடையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் பார்த்தவர் யாரும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. தேடாத இடமில்லை. காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டால் செத்ததாக வைத்துக் காரியம் பண்ணிவிட வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி. அம்மா காதிலேயே வாங்கமாட்டாள். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் அப்படியே இருக்கின்றன. அமாவாசையன்று தெருவே விரதமிருந்து காக்காய்க்குச் சோறு வைக்கும்போது, எங்கள் வீட்டில் வீம்புக்குக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். நாலு வீடு தள்ளி மூக்கைப் பொத்துவார்கள்.

மறுபடி போன் போட்டேன். "பெரிப்பா, நாங்க மான் பாக்கத்தான் போறோம். வேற ஒண்ணுமில்லீங்க."

"தை அமாவாசைக்கு கோடியக்கரைக்கு எவன்டா மான் பாக்கப் போறான்? இந்தத் தையோட பன்னெண்டு வருஷம் முடியுது. அது உனுக்குத் தெரியாது?"

தெரியாது என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே தெரியாதா? அந்த வீடியோவைப் பார்த்து நான் சரி என்று சொன்னது மனைவிக்காகவா? மாமல்லபுரம் போகலாமென்று அவள் கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தவன், இதற்கு மட்டும் ஏன் உடனே தலையாட்டினேன்? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒரு கிரில்லில் கம்பியை மாற்றி வைத்து வெல்டு அடித்துவிட்டுத் திரும்ப அறுத்தேன்.

இடத்தை மாற்றிவிடலாம் என்று பிச்சாவரம் என்றேன். அங்கேயும் காடு, அங்கேயும் உப்புத்தண்ணி, கிட்டவும் கூட. "அங்க மான் இருக்குதா?" என்றாள் மனைவி. தேதியை மாற்றினால் லீவு இல்லை. போகவே வேண்டாமென்றால், ஏன் நிறுத்தினான் என்று அம்மா யோசிப்பாள். போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம்.

அம்மாவிடம் மான் பார்க்கப் போகிறோம், நீயும் வா என்று முன்பே சொல்லியிருந்தேன். "வூட்ல ஆளு வேணாமா?" என்று முடித்துவிட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை.

அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு பெரியப்பா பட்டறைக்கு வந்தார். ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார். எள்ளு, தர்ப்பைப்புல், புது வேட்டி. "வூட்டுக்கு எடுத்துக்கினு போவாத" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க வர வேணாம் பெரிப்பா. காரு குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டேன். முகம் தொங்கிப்போய்க் கிளம்பினார். பையைத் திருப்பி வாங்கவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் போனதும் எனக்கு அழுகை வந்தது. அப்பா செத்துவிட்டார் என்று அழவில்லை. செத்திருந்தால் எப்போதோ அழுது முடித்திருப்பேனே என்று நினைத்து அழுதேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா பட்டறைக்கு வந்தாள். சாதாரணமாக வரமாட்டாள், வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டேன்.

"உங்க பெரிம்மா போன் பண்ணாங்க" என்றாள். "ஊரே பேசிக்கினு இருக்குதாம்."

"சத்தியமா மான் பாக்கத்தாம்மா..."

"எனுக்குத் தெரியாதா? உனுக்கு வேற நாளு லீவு ஏது?"

அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் நம்பினாள். எனக்கு அதுவே போதுமென்று இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்த வெல்டிங் ராடு துண்டுகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்க போனப்பறம் குடுக்கணும்னு உன் மனசுக்குத் தோணுச்சின்னா குடுத்துடு. உனுக்கு அவரு அப்பா. வேணான்னு நான் சொல்லக் கூடாது. ஆனா எங்கிட்ட மட்டும் சொல்லாத. வந்து மான் எப்டி இருந்துச்சின்னு சொல்லு, போதும்."

பெரியப்பா கொடுத்த காரில் போனோம். மானையும் பார்த்தோம். மனைவி ஆசை தீரப் படமெடுத்தாள். கடற்கரையில் ஒரே கூட்டம். அவளைக் காரில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் தண்ணீர் வரைக்கும் போய் வந்தேன்.

திரும்பி வந்ததும் அம்மா மானைப் பற்றிக் கேட்டாள். ஆண் மான் கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும் என்று சொன்னேன். ஆளைக் கண்டால் ஓடுமா என்று கேட்டாள். ஓடும் என்றேன். கடலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கே நான் என்ன செய்தேன் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. நான் எழுதுவதையெல்லாம் என் மனைவி அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள்.