இரண்டு சோலார் பேனலும் ஒரு வேலைச் சட்டையும்

வெம்பக்கோட்டை பக்கம் எங்கள் ஊரில் மின்வெட்டு அதிகம். மாடியிலிருந்த சின்ன சோலார் பேனல் மின்விசிறிக்குப் போதவில்லை என்று, சென்ற கோடையில் பெரிய பேனல் ஒன்று வாங்கினேன். படித்தவன் என்ற மிதப்பில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் நானே இரண்டையும் தொடராக இணைத்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பழைய கன்ட்ரோலரில் கொடுத்துவிட்டேன். இரண்டின் வோல்ட்டும் கூடினால் அது தாங்குமா என்று பார்க்கவில்லை.

கன்ட்ரோலர் பின்பக்கச் சுவரில் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மருமகள், வெடிமருந்துத் தூள் படிந்த வேலைச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவராமல் அதன் கீழேதான் மாட்டுவாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் கன்ட்ரோலர் புகைந்தது. உருகிய பிளாஸ்டிக் தீயோடு கீழே சொட்டியது. பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டு, மாடிக்கு ஓடி, வெயில் படாதபடி பேனல்களைப் போர்வையால் மூடினேன்; தீ அடங்கியது. நல்லவேளை, மருமகள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வீடே பற்றியிருக்கும்.

சாயங்காலம் அவளிடம் எதையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் கருகிய சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"கம்பெனிக்குள்ள செல்போன்கூடக் கொண்டுபோகாம பயந்து பயந்து வேலை பாத்துட்டு வாரேன். நீங்க வீட்டுலயே திரியக் கொளுத்திட்டீகளே மாமா!"

இப்போது ஒரே மாதிரிப் பேனல்கள், அவற்றுக்கு ஏற்ற கன்ட்ரோலர். எலக்ட்ரீஷியன் அதை முன்பக்கச் சுவரில் மாட்டிக் கொடுத்தார். விசிறி நன்றாகச் சுற்றுகிறது. சுவரில் எதை மாட்டுவதானாலும் மருமகளைக் கேட்டே மாட்டுகிறேன். போன வாரம் சிவகாசி காலண்டருக்கும் இடம் கேட்டேன்.

"அது எம்புட்டு வோல்ட்டு மாமா?" என்று சிரித்தாள்.