சீனக் குடிநீரும் அக்காவின் கடைசிக் காய்ச்சலும்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை. நடந்ததில் பாதி எனக்கே இன்னும் விளங்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. சண்டைக் காலத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ஸ்டுட்கார்ட்டில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். என்னை இங்கே எடுப்பித்தவரும் அவரே. மணம் முடிக்காமல் என் பிள்ளைகளை வளர்த்தார்.

ஒரு குளிர்காலம் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலில் படுத்தபோது, கூட வேலை செய்த பெண் அவரைச் சீன வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அந்த வைத்திய அம்மையார் நாடியும் நாக்கும் பார்த்து, உலர்ந்த பூக்களும் அதிமதுரமும் கலந்த பொட்டலங்களை அவித்துக் குடிக்கக் கொடுத்தார். ஐந்தாம் நாள் அக்கா எழும்பிவிட்டார். மருந்தால் சுகமானதா, தானாகச் சுகமானதா, எனக்குத் தெரியாது. அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் காய்ச்சல் வராமலிருக்க அதையே குடித்தார். தடுப்பூசி போடச் சொன்னால், "எனக்கு இது காணும் தம்பி" என்பார்.

சென்ற ஆண்டு, என் மகளின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்க அவருக்குக் காய்ச்சல் வந்தது.

"டொக்டரிட்டப் போனனீங்களோ அக்கா?"

"ஓம், சீன டொக்டரிட்டப் போட்டு வந்தனான். பயப்பிட ஒண்டுமில்லையாம். நீ கலியாண அலுவலைப் பார்."

நான்காம் நாள் மூச்சுவிட முடியாமல் தவித்தார். மருத்துவமனையில் நியூமோனியா என்றார்கள். கல்யாணத்தை நிறுத்த வேண்டாம் என்று கையாலேயே சொன்னார். அது முடிந்த மூன்றாம் நாள் போய்விட்டார்.

மிஞ்சிய பொட்டலங்களை எடுத்துக்கொண்டு அந்த வைத்தியரிடம் போனேன். "பயப்பட ஒன்றுமில்லை என்று எப்படிச் சொன்னீர்கள்?" என்று கத்தினேன். அவர் அக்காவின் கோப்பைத் திறந்து காட்டினார். நெஞ்சில் சத்தம் கேட்கிறது, மூலிகை கொடுக்கவில்லை, இன்றே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன் என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

"தம்பியுடன் போகிறேன் என்றார்," என்றார் வைத்தியர். "நீங்கள்தானா அந்தத் தம்பி?"

பொட்டலங்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் மறைத்தார்? கல்யாணம் குழம்பிவிடும் என்றா? வீட்டிலிருந்த பழைய பொட்டலங்களே போதும் என்று நம்பினாரா? நான் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் ஒரு வருடம் போய்விட்டது.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், செத்தவீட்டில் எல்லா அலுவல்களையும் பொறுப்பெடுத்த உறவுகளுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் நன்றி. அந்த வைத்தியருக்கும் நன்றி. தமிழ் வாசிக்கத் தெரியாத அவருக்காக இந்தப் பக்கத்தை மகள் ஜெர்மனில் எழுதித் தருகிறாள். மன்னிப்புக் கேட்கும் வரியை மட்டும் நானே எழுதுவேன்.

— தம்பி