வட்டம் பெரிசானா மூச்சை இழு

ஆம்புலன்ஸ் வேலையில் ஒரு வசதி உண்டு, நம்மைப் பார்த்தால் எல்லாரும் வழிவிடுவார்கள். ஒரு சங்கடமும் உண்டு, நம்மைப் பார்க்க ஒருத்தரும் ஆசைப்பட மாட்டார்கள். சைரனை நிறுத்தின பிறகும் அது காதுக்குள் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். என்னைப் போல இந்த வேலையில் வந்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தில் நான் வண்டியின் பின்பக்கம், நோயாளியோடு. முன்பக்கம் டிரைவர் தயாளன் அண்ணன்.

கடைக்காரர் கேட்டது

பெரிய காஞ்சிபுரத்துச் சந்துகளில் அண்ணன் வண்டி ஓட்டும் அழகே தனி. காலையில் நெசவாளர்கள் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஓர் இழைகூட உரசாமல் ஓரமாகக் கடந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, புறவழிச்சாலை விபத்தில் ஒரு குழந்தையை எங்களால் காப்பாற்ற முடியாமல் போன நாளிலிருந்து, சாவியைப் போட்டாலே கை நடுங்க ஆரம்பித்தது. "வைகாசித் திருவிழா முடியட்டும் சிஸ்டர். வண்டிய விட்டுட்டு மச்சான் துணிக்கடையில போயி உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷனை விட்டால் வேறு யாரை நம்பி நான் பின்னால் உட்காருவேன்?

பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் தன் செல்போனில் ஒன்றைக் காட்டியிருந்தார். 'ஆப்' என்கிற பேரெல்லாம் அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை. செல்லில் ஆடுகிற பாம்பு விளையாட்டு மாதிரி இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். திரையில் ஒரு வட்டம். அது பெரிசாகும்போது மூச்சை இழுக்க வேண்டும், சின்னதாகும்போது விட வேண்டும். பதற்றம் அடங்குமாம். என் பட்டன் செல்லைத் தூக்கிக்கொண்டு செல்போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து ஏற்றிக் கொடுத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, வண்டி நிறைய ஆக்சிஜன் வெச்சிக்கினு, மூச்சு விடறதுக்குச் செல்லு கிட்ட வழி கேக்கறீங்களே!"

மாகறல்காரரின் கவலை

அண்ணன் முதலில் முறைத்தார். அப்புறம் அவரே கேட்டு வாங்க ஆரம்பித்தார். நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்ததும் முன்சீட்டில் உட்கார்ந்து, செல்லைக் கண்ணாடியோரம் சாய்த்து வைத்து, ரெண்டு பேரும் இழுத்து விடுவோம். வட்டம் நிற்கும்வரை யார் கூப்பிட்டாலும் வாய் திறக்கக் கூடாது. இது எங்களுக்குள் சட்டம்.

ஒருநாள் மாகறலிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தோம். பெரியவர் பிழைத்துக்கொண்டார். நன்றி சொல்ல வந்த அவர் மகன் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்திருக்கிறார். ரெண்டு பேரும் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருக்கிறோம், முழி ஒரே இடத்தில் நிற்கிறது, கூப்பிட்டால் பதிலில்லை. ஐயோ என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினவர், ஸ்ட்ரெச்சரோடு ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார்! அசடு வழிய எல்லாம் விளக்கிச் சொன்னோம். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி, உங்களுக்கு ஒண்ணுன்னா யாருக்கு போன் போடறது?"

தோளில் தண்டோடு ஒரு குரல்

வைகாசி கருட சேவை. விடிந்தும் விடியாமலும் ஊர் முழுக்கத் தலைகள். அன்றைக்கென்று சின்ன காஞ்சிபுரத்தில் பிரசவ வலியில் துடித்த சுமதியை ஏற்றினோம். தறி நெய்கிறவரின் மனைவி, தலைப்பிரசவம். குழந்தையின் கால் முன்னால் வந்துகொண்டிருந்தது. வண்டியில் வைத்துப் பார்க்கிற சமாச்சாரமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அதுவரை அவள் முக்கவும் கூடாது. கடைத்தெருவில் திரும்பினால் எதிரே கருட வாகனத்தில் பெருமாள் வருகிறார். வண்டி நின்றுவிட்டது.

செல்லைச் சுமதியின் கையில் திணித்து, "வட்டம் பெரிசானா இழு, சின்னதானா விடு, முக்கிடாதம்மா" என்றேன். பிடித்தாள் பாருங்கள், உடும்புப்பிடி! அதே நேரம் முன்னாலிருந்து அண்ணனின் கை நீண்டது. "சிஸ்டர், செல்லு." கை வெடவெடவென்று ஆடியது. "அவங்க கையில இருக்குதுண்ணா, புடுங்க முடியாது!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாகனத்தின் தண்டுகளைத் தோளில் தாங்கிச் சுமந்து வந்தவர்கள் எங்கள் வண்டியைக் கண்டுகொண்டார்கள். முன் வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். அவ்வளவுதான், எல்லாத் தோளும் சேர்ந்து ஓரமாக நகர்ந்தன. பெரிய குடைகளும் சாய்ந்து ஒதுங்கின. கூட்டம் தானாகப் பின்வாங்கி, வண்டி அகலத்துக்கு வழி கிடைத்தது. அண்ணனோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். குரல் கொடுத்தவர், தோளில் தண்டும் முகத்தில் வேர்வையுமாக, அவரைப் பார்த்துப் போட்டாரே ஒரு சத்தம்: "பெருமாளே ஒதுங்கி நிக்கறாரு, உனக்கு என்னய்யா நடுக்கம்? எடு வண்டிய!"

சுமதியும் அண்ணனும்

அண்ணன் எடுத்தார். பாவு நூலை ஒட்டிப் போவாரே, அதே பதத்தில், ஒருத்தர் மேலும் உரசாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர்கள் தாயையும் பிள்ளையையும் பத்திரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பெண் குழந்தை. மறுநாள் பார்க்கப் போனபோது சுமதி என் செல்லைத் திருப்பிக் கொடுத்தாள். பாதிப் பட்டன் உள்ளே போயிருந்தது. "சிஸ்டர், அந்த வட்டம் என்னா அவ்ளோ மெதுவா பெரிசாகுது? அதைச் செஞ்சவனுக்கு ஒரு வாட்டி இடுப்பு வலி வந்து பாக்கணும்!"

திருவிழா முடிந்தது. காலை டியூட்டிக்கு நான் பயந்துகொண்டேதான் போனேன். தயாளன் அண்ணன் சீட்டில் இருந்தார். கை லேசாக நடுங்கத்தான் செய்தது, ஆனால் சாவியைப் போட்டுவிட்டார். "கடைக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லிட்டேன் மச்சான் கிட்ட. நமக்கோசரம் பெருமாளே நின்னாரு. நான் போயி புடவை மடிச்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும், சொல்லு சிஸ்டர்?"

ஊருக்கெல்லாம் ஆக்சிஜன் வைக்கிற நாங்கள், எங்கள் மூச்சுக்குச் செல்போன் கடையில் போய் நின்றோம் என்று இன்றைக்கும் யாராவது கேலி செய்தால், அந்தக் கடையின் விலாசத்தைத்தான் அவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.