மாமா கம்பெனிச் சல்லடை

1. கருப்பு

காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் நேராகப் பாட்டில் பக்கம் போனேன். மறுபடியும் கருப்பு. வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டிய கரைசலின் அடியில் கரிப்பொடி மாதிரி படிந்திருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சிஸ்பிளாட்டின் என்பது பிளாட்டினத்தில் செய்யும் புற்றுநோய் மருந்து. கட்டியை அழிக்கும், கூடவே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதைப் பொடிமணிகளுக்குள் ஏற்றி, உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வைப்பதுதான் எங்கள் யோசனை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் மணிகள் செய்து, காயவைத்து, சலித்து, உப்புநீரில் கரைத்த மருந்தில் ஊறப்போடுவேன். ஊறப்போட்டதெல்லாம் கருத்துக்கொண்டிருந்தது.

துறைத்தலைவர் சங்கரலிங்கம் சார் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா மைமூனா, பிளாட்டினம் என்ன கடலமாவா? இன்னொரு தடவ கருத்துச்சுன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

“வெளிச்சம் படக் கூடாதுன்னு கருப்புத் தாள் சுத்தித்தான் வச்சேன் சார்.”

“அப்ப உன் கைதான் சரியில்ல.”

அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. வேலை போனால் வீட்டில் எனக்குப் பேச வாய் இருக்காது. வத்தல் வியாபாரியான அத்தா, ‘பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு எதுக்கு’ என்ற பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் என்னை அனுப்பியிருந்தார்.

2. பஸ்ஸில் ஒட்டியது

அந்த வாரம் சிவகாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கைவரை வெள்ளிப் பளபளப்பு. அது என் பையிலும் ஒட்டிக்கொண்டது.

“அலுமினியப் பவுடரு தாயி. எம்புட்டு களுவுனாலும் மிச்சம் ஒட்டிக்கிட்டுத்தான் வருது” என்றார் சங்கடத்தோடு.

“இருக்கட்டும்க்கா” என்றேன். எங்கள் பக்கம் பஸ் ஏறுகிற யாருக்கும் பழகிப்போன பளபளப்புதான். ஆனால் அன்று அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க ஆய்வகத்துச் சல்லடை ஞாபகம் வந்தது. எங்களுக்கு வேண்டிய நைஸ் சல்லடை கடையில் கிடைக்காமல், சார் தன் மாமாவின் பட்டாசுக் கம்பெனியிலிருந்து பெருமையாகக் கொண்டுவந்தது அது. அலுமினியம் தொட்டால் சிஸ்பிளாட்டின் சிதைந்து கருப்பாகும். அலுமினியம் உள்ள ஊசிகூட அதைத் தொடக் கூடாது. பாடத்தில் படித்ததுதான்.

மறுநாள் சல்லடையின் விளிம்போரம் ஈரவிரலால் தேய்த்தேன். விரல் வெள்ளியாக மின்னியது.

3. இரண்டு பாட்டில்

சாரிடம் வாயால் சொன்னால் வம்பு. மணிகளில் பாதியை அவருடைய சல்லடையிலும், மீதியை அம்மாவிடம் வாங்கிய புது மல்துணியிலும் சலித்து ஊறப்போட்டேன். அடுத்த நாள் இரண்டு பாட்டிலையும் அவர் மேசையில் வைத்தேன். ஒன்று கருப்பு. மற்றது தெளிந்த மஞ்சள்.

எது எதில் சலித்தது என்று சொன்னதும் சார் கருப்புப் பாட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

“அப்ப எங்க மாமா சல்லடை மோசம்ங்கிறே?”

“பட்டாசுக்கு அது நல்ல சல்லடைதான் சார்.”

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “உன் கையில ஒரு குத்தமுமில்லம்மா. இத நீயே தொடர்ந்து செய்யி.”

அந்த மஞ்சள் பாட்டிலின் மணிகள்தான் வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்குப் போயின. மருந்து மெல்ல வெளியே வந்தது. புற்றுநோய்ச் செல்கள் செத்தன. துறைக் கூட்டத்தில் சார் சல்லடைக் கதையையும் மறைக்காமல், “கண்டுபிடிச்சது மைமூனா” என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

அத்தாவின் வத்தல் கடைக்குப் போய்ச் சொன்னேன். அத்தா எதிரே இருந்த வியாபாரியிடம், “எம் மக பிளாட்டினத்துல புத்துநோய்க்கு மருந்து செஞ்சிருச்சு, பாத்துக்கிடுங்க” என்றார்.

“இன்னும் செல்லுலதான் பாத்துருக்கோம் அத்தா. மருந்தாக ரொம்ப வருசம் ஆகும்.”

“ஆகட்டும். அது வரைக்கும் படி.”

இன்று சாரின் நாற்காலியில் நான் இருக்கிறேன். கரண்டியோ மூடியோ, எது புதிதாக வந்தாலும் முதலில் ஒரு சொட்டு மருந்தில் நனைத்துக் கருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். தன் கையைச் சந்தேகிப்பதற்கு முன் கையில் இருப்பதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நான் கற்ற பாடம். அந்தச் சல்லடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இது எதற்கு என்று மாணவிகள் கேட்டால், “என் டாக்டர் பட்டம் இதுல சலிச்சு வந்தது” என்பேன்.